ஆயில் ஃபில்டர் பார்ட் நம்பரை எப்படிப் படிப்பது? நம்பர் வேறாக இருந்தால் என் காருக்குச் சேருமா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: அவர் ஓட்டுவது பேரலல் இம்போர்ட்டில், அதாவது ஹோண்டாவின் ஏஜென்ட் வழியாக இல்லாமல் வேறு இறக்குமதியாளர் வழியாக வந்த ஹோண்டா ஃபிட், மாடல் குறி ஜிகே3. போன சர்வீஸில் கழற்றிய ஃபில்டரில் 15400-ஆர்டிஏ-003 என்று அச்சடித்திருந்தது. ஆன்லைனில் ‘ஃபிட்டுக்கு’ என்று வாங்கியது 15400-ஆர்ஏஎஃப்-டி01 என்று வந்திருக்கிறது. போடலாமா, திருப்பி அனுப்பிவிடலாமா?

போடலாம், அசல் சரக்காக இருந்தால். அந்த ‘இருந்தால்’ பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்டரில் பதினொரு வருடமாக நிற்கிறேன். மெக்கானிக் இல்லை, டப்பாவை எடுத்துக் கொடுக்கிறவன். ஆனால் தப்பான டப்பாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. அதற்கும் வருகிறேன்.

பார்ட் நம்பருக்குள் ஃபில்டரின் அளவு ஒளிந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கார் கம்பெனிகளின் நம்பரில் அப்படி எதுவும் கிடையாது. அது வீட்டு முகவரி மாதிரி. புளோக் நம்பரை வைத்து வீட்டில் எத்தனை ரூம் என்று சொல்ல முடியாது, எந்தப் பேட்டை என்று மட்டும் சொல்லலாம். ஹோண்டாவில் 15400 என்று ஆரம்பித்தாலே ஆயில் ஃபில்டர்தான், எந்த மாடலாக இருந்தாலும் சரி. நிசானில் 15208. ஹூண்டாய், கியாவில் 26300. டொயோட்டாவில் திருகிப் போடும் டப்பா வகைக்கு 90915, உள்ளே செருகும் பேப்பர் வகைக்கு 04152. வேடிக்கை என்னவென்றால் சுபாருவும் 15208 என்றுதான் ஆரம்பிக்கும். நிசானும் சுபாருவும் ஒரு காலத்தில் பங்காளிகள்தான், ஆனால் அதை நம்பி ஒன்றின் ஃபில்டரை இன்னொன்றுக்கு மாட்டிவிடாதீர்கள். காரணம் பின்னால்.

ஹோண்டாவில் நடுவில் வரும் மூன்றெழுத்து, அந்த ஃபில்டர் முதலில் எந்த இன்ஜினுக்காக வந்ததோ அதன் குறி. கடைசித் துண்டில்தான் சந்தையும் திருத்தமும் தெரியும். அமெரிக்காவில் விற்பது 15400-பிஎல்எம்-ஏ02. நம் பக்கம் தாய்லாந்திலிருந்து வருவது டி01. உங்கள் பழைய ஃபில்டரில் இருந்த 003 ஜப்பான் பெட்டி. மூன்றுக்கும் மரை ஒன்றுதான், எம்20, 1.5 பிட்ச். அதாவது மரையின் விட்டம் 20 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.5 மில்லிமீட்டர். ஏஜென்ட் விற்ற காருக்கு இங்கே பெயர் ஜாஸ், உங்களுடையது ஃபிட். கார் வந்த வழி வேறு என்பதால் ஃபில்டரின் நம்பரும் வேறாகி நிற்கிறது.

ஹூண்டாயில் 26300-35503, 35504, 35505 என்று கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போகும். அது திருத்தம்தான், பழையதற்குப் பதில் புதியதைப் போடலாம். ஆனால் 26300-02503 என்பது சின்ன இன்ஜினுக்கு உரியது. முன்பாதி அச்சு அசலாக அதேதான், பின்பாதியைப் படிக்காமல் வாங்கினால் டப்பாவின் பருமனே வேறு. போனில் நம்பர் சொல்கிறவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து இலக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். “அண்ணே, ரெண்டு ஆறு மூணு பூஜ்யம் பூஜ்யம் இருக்கா?” என்பார்கள். இருக்கு தம்பி, ஒரு அலமாரி நிறைய இருக்கு.

ஃபில்டர் மட்டும் செய்யும் கம்பெனிகளுக்கு நம்பர் முறை தனி. ஜெர்மனியின் மான் கம்பெனி ஃபில்டரில் டபிள்யூ என்று ஆரம்பித்தால் திருகும் டப்பா. எச்யூ என்றால் உலோகம் இல்லாத பேப்பர் எலிமென்ட். கடைசியில் சின்ன எக்ஸ் இருந்தால் ரப்பர் வளையமும் பெட்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். டப்பாவின் பக்கத்தில் இங்க்கில் அடித்திருக்கும் இன்னொரு வரிசை எண், செய்த தேதியும் லாட்டும். அதை பார்ட் நம்பர் என்று நினைத்துப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள்.

இப்போது என் கதை. சேர்ந்த முதல் வருடம். மானின் டபிள்யூ 67/1, டபிள்யூ 68/3 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். கையில் எடுத்தால் ஏறத்தாழ ஒரே பருமன், ஒரே நிறம். 67/1 நிசான், மிட்சுபிஷி வகைக்கு, மரை எம்20. 68/3 டொயோட்டாவுக்கு, மரை முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று. பழைய வயோஸ் வைத்திருந்த ஒரு தம்பிக்கு 67-ஐ எடுத்து நீட்டிவிட்டேன். அவர் நண்பனின் ஒர்க்‌ஷாப்பில் அவரே மாட்டியிருக்கிறார். நன்றாகத் திருகியது, ரப்பரும் உட்கார்ந்தது, ஐடிலில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. மறுநாள் காலை பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. பதறாமல் ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்ததால் இன்ஜின் தப்பியது. அடிப்பக்கம் முழுக்க எண்ணெய்.

ஏன் அப்படி? முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர். எம்20 என்பது 20. பிட்ச் ஒன்றுக்கு 1.5875, மற்றதற்கு 1.5. எம்20 ஃபில்டரை இன்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கால் அங்குல மரைத் தண்டில் போட்டால் துளை கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் பெரிது. மரையின் நுனிகள் மட்டும் பிடித்துக்கொண்டு ஏறும். கையால் இறுக்கும்போது இறுகுவது மரை இல்லை, ரப்பர்தான். குளிர்ந்த எண்ணெயில் அழுத்தம் நாலைந்து பாருக்கு ஏறினால் அந்த நுனிகள் எவ்வளவு நேரம் தாங்கும்?

தவுக்கே, அதாவது கடை முதலாளி, திட்டவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. மறுநாள் ஒரு மரக்கட்டையில் இரண்டு போல்ட்டை நிறுத்தி என் பக்கம் தள்ளினார். ஒன்று எம்20, ஒன்று முக்கால். இன்றைக்கும் கவுன்டரில் அந்தக் கட்டை எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் ஃபில்டரை இரண்டிலும் திருகிப் பார்ப்பேன். முக்கால் ஃபில்டர் எம்20 போல்ட்டில் முதல் சுற்றிலேயே நின்றுவிடும், அது நல்லது. எம்20 ஃபில்டர் முக்கால் போல்ட்டில் சமர்த்தாக இறங்கும், ஆனால் பிடித்து ஆட்டினால் லொடலொட என்று ஆடும். ஆபத்து இந்தப் பக்கம்தான். நீங்களும் மாட்டும்போது ரப்பர் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

முக்கால் என்றதும் இன்னொன்று. ரப்பரில் புது எண்ணெய் கொஞ்சம் தடவி, அது தொட்டதிலிருந்து முக்கால் சுற்று, பெரும்பாலான டப்பாக்களில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூரில் சர்வீஸ் செய்ய இங்கேயே ஃபில்டர் வாங்கிப் போகிறவர்களிடம் நான் சொல்வது: டேங்க் முக்கால், மரை முக்கால், சுற்று முக்கால். டேங்க்கில் பெட்ரோல் முக்காலுக்குக் குறைந்தால் எல்லையில் திருப்பி அனுப்புவார்கள், மற்றதை மறந்தால் டோ டிரக். பழைய ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் இதே வேலையில் சேர்ந்ததுதான். ரப்பர் மேல் ரப்பர் போனால் கதை மேலே சொன்ன மாதிரிதான் முடியும்.

மரையும் ரப்பர் வளையத்தின் விட்டமும் சரி என்றால் மாட்ட முடியும். மாட்ட முடிவதாலேயே பொருந்திவிடாது. ஃபில்டருக்குள் ஒரு பைபாஸ் வால்வு இருக்கும். பேப்பர் அடைத்துக்கொண்டாலோ எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ இன்ஜின் காயாமல் இருக்க வடிகட்டாத எண்ணெயையாவது உள்ளே விடும். பல ஃபில்டர்களில் அது சுமார் 1 பாரில் திறக்கும், அதாவது 14.5 பிஎஸ்ஐ. சுபாருவின் பழைய இன்ஜின்களுக்குக் கேட்பது சுமார் 23. மரை அதே எம்20தான், நிசான் ஃபில்டர் அழகாக ஏறும். ஏறி, தேவையில்லாதபோதெல்லாம் திறந்துகொண்டு வடிகட்டாத எண்ணெயை விட்டுக்கொண்டிருக்கும். ஒழுகாது, விளக்கு எரியாது, யாருக்கும் தெரியாது. பங்காளி விஷயத்தில் எச்சரித்தது இதற்காகத்தான்.

இன்னொன்று, இன்ஜினை அணைத்தபின் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் மடல். ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ இருக்கும் கார்களில் இது முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு வினாடி கடகட என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். துளை வழியாகப் பார்த்தால் தெரியும். கறுப்பு என்றால் பெரும்பாலும் நைட்ரைல், ஆரஞ்சு மாதிரி நிறம் என்றால் சிலிகான். சூட்டில் சீக்கிரம் இறுகிப்போவது நைட்ரைல். இரண்டு மூன்று வெள்ளி கூடக் கொடுக்கலாம் என்றால் நான் இதற்குக் கொடுப்பேன். ‘எத்தனை மைக்ரான்’ என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்குக் கொடுக்க மாட்டேன். எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்று சேர்த்துச் சொல்லாத மைக்ரான் எண்ணுக்கு அர்த்தமில்லை. சேர்த்துச் சொல்லி, கூடவே ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை எண்ணும் இருந்தால் நின்று படிப்பேன்.

உயரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் டப்பாவைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். மற்ற எல்லாம் ஒத்துப்போய், பக்கத்தில் எதிலும் இடிக்கவில்லை என்றால் பரவாயில்லை.

பிரைவேட் ஹையர், அதாவது ஆப்பில் அழைக்கும் வாடகைக் கார் ஓட்டுகிற டொயோட்டா பிரியஸ் ஆட்களுக்கு மரைக் குழப்பமே இல்லை. போன தலைமுறை 1.8 பிரியஸுக்கு 04152-ஒய்இசட்இசட்ஏ6, ஒய்க்குப் பிறகு இரண்டு இசட். வெறும் பேப்பர் எலிமென்ட், மூடிக்குள் போகும். பெட்டியில் வரும் ரப்பர் வளையத்தை மாற்றாமல் பழையதையே விட்டுவிடுவதும், மூடியை முழு பலத்தோடு இறுக்குவதும்தான் இதில் நடக்கும் தப்பு. அதற்கு 25 நியூட்டன் மீட்டர் போதும்.

உங்கள் காருக்கு வருவோம். மாடல் பெயரையும் வருடத்தையும் சொல்லிக் கேட்காதீர்கள். லாக் கார்டில், அதாவது காரின் பதிவு விவரத்தில், சேஸிஸ் நம்பர் இருக்கும். ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டில் வந்ததென்றால் ஜிகே3, ஒரு கோடு, பிறகு ஏழு இலக்கம் என்று குட்டையாக இருக்கும். ஏஜென்ட் காருக்கு 17 எழுத்து நீளம். பல வெளிநாட்டுத் தளங்கள் 17 எழுத்து இல்லாவிட்டால் ‘தவறான எண்’ என்று தள்ளிவிடும். உங்கள் கார் போலி என்று பயப்பட வேண்டாம், அந்தத் தளத்துக்கு ஜப்பான் முறை தெரியாது, அவ்வளவுதான். ஜப்பான் கேட்டலாக்கில் போட்டால் வரும். அந்த நம்பரைத் தூக்கிக்கொண்டு மற்ற கம்பெனிகளின் ஒப்பீட்டுப் பட்டியலுக்குப் போகலாம், ஆனால் ஃபில்டர் செய்த கம்பெனியின் சொந்தப் பட்டியலுக்கு. விற்கிறவர் தலைப்பில் எழுதும் ‘ஃபிட், ஜாஸ், சிட்டி, வயோஸ், எல்லாவற்றுக்கும்’ என்பதை நம்பாதீர்கள். ஹோண்டாவும் வயோஸும் ஒரே வரியில் இருந்தால் அந்த ஆளுக்கு மரை என்றால் என்னவென்றே தெரியாது.

கடைசியாக அந்த ‘இருந்தால்’. போலி ஃபில்டரைப் பெட்டியை வைத்துக் கண்டுபிடிப்பது இப்போது கஷ்டம், அச்சு அவ்வளவு சுத்தமாக வருகிறது. நான் பார்ப்பது அடிப்பக்கம்தான்: மரையின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா, ரப்பர் அதன் பள்ளத்தில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா, துளை வழியாகத் தெரியும் மடல் கோணலா. பழைய அசல் ஃபில்டர் பக்கத்தில் இருந்தால் எடையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

டப்பாவைப் பிரித்துவிட்டீர்கள் என்றால் மூன்று படம் போடுங்கள்: நேர் அடிப்பக்கம், துளைக்குள் வெளிச்சம் அடித்து ஒன்று, பக்கத்து அச்சு. லாக் கார்டைப் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், சேஸிஸ் நம்பரின் முதல் மூன்றெழுத்து போதும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், அன்றைக்கு உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.