விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு டச்பேட் வேலை செய்யவில்லை. கடையில் மதர்போர்ட் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். இன்றைக்காவது மாற்றாதீர்கள்.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு ஏற்றிய மறுநாளே டச்பேட் நின்றுவிட்டது, கீபோர்டும் அவ்வப்போது நிற்கிறது, கடையில் 900 வெள்ளி கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. வெள்ளிக் கணக்கில் கேட்டதால் நம் பக்கத்து ஆள் என்று வைத்துக்கொள்கிறேன். லேப்டாப் நாளைக்கே வேண்டும், வீட்டில் வேறொன்று இல்லை, அதனால் கடைக்காரர் என்ன சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருப்பீர்கள். பாதி கடைகள் அந்த அவசரத்துக்குத்தான் விலை போடுகின்றன.

நான் மலேசியாவில், பினாங்கின் பிறையில் சின்னதாக ஓர் அச்சுக்கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் காரியக் கார்டு, கோயில் நோட்டீஸ், இப்படி. கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் எனக்குச் சோறு போடுவது கீபோர்டும் மவுஸும்தான், அதனால் அவை மக்கர் செய்தால் என்ன ஏது என்று நானே பார்த்துப் பழகிவிட்டேன்.

உங்கள் கதை அப்படியே என் அக்கா மகளுக்கு நடந்தது. பினாங்குத் தீவில் இருக்கும் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அவளும் 11-க்கு மாறினாள். மாறியதும் டச்பேட் அசையவில்லை. தீவுப் பக்கம் ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறாள். கவுன்டரில் இருந்த பையன் மூடியைக்கூடக் கழற்றவில்லை, நாலு தட்டுத் தட்டிவிட்டு "போர்ட் போச்சு" என்றானாம். எனக்குப் போன் வந்தது. "மாமா, மதர்போர்ட் காலின்னு சொல்றாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க." பணம் கட்டாதே, மெஷினைத் தூக்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறு என்றேன்.

வந்ததும் நான் செய்த முதல் காரியம் விண்டோஸையே ஒதுக்கியதுதான். லேப்டாப்பை அணைத்து, திரும்பப் போடும்போது எஃப்2 கீயை விடாமல் தட்டினால் பயாஸ் திறக்கும் (சில மெஷின்களில் டெலீட் கீ, சிலவற்றில் எஃப்10). பயாஸ் என்பது விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் ஓடுவது, அப்டேட்டில் வந்த டிரைவர்கள் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் சின்ன புரோகிராம்கள்) அங்கே எட்டிப் பார்க்காது. அவளுடையது படம் போட்ட புதுமாதிரி பயாஸ், நடுவில் ஒரு சின்ன வெள்ளை அம்புக்குறி நின்றது. டச்பேடில் விரலை வைத்து இழுத்தேன். அம்பு நகர்ந்தது. வலது பக்கம், இடது பக்கம், வட்டமாக, எப்படி இழுத்தாலும் கூடவே வந்தது. அவளிடம் போனில் வீடியோ எடுத்துக்கொள் என்றேன். டச்பேட், வயர், மதர்போர்ட் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்பதற்கு அதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்?

உங்கள் பயாஸில் அம்பே தெரியாமல் போகலாம், பழைய மாதிரிகளில் கீபோர்டுக்கு மட்டும்தான் இடம். அப்படியென்றால் டச்பேடைப் பற்றி அங்கே ஒன்றும் முடிவு கட்ட முடியாது, அடுத்ததைப் பாருங்கள்.

இப்போதைய லேப்டாப்புகளில் டச்பேட் பெரும்பாலும் ஐ2சி என்ற உள்வழியில் இணைந்திருக்கும். அந்த வழிக்கு ஒரு கன்ட்ரோலர், அதற்கு ஒரு டிரைவர். அந்த டிரைவர் பழுதானால் பின்னால் இருக்கும் டச்பேட் விண்டோஸின் கண்ணிலேயே படாது. மெயின் வால்வு மூடியிருக்கும்போது குழாயை மாற்றி என்ன பயன்? உள் கீபோர்ட் பல மெஷின்களில் தனி வழியில் போகிறது, அதனால்தான் டச்பேட் செத்த பிறகும் அது ஓடும்.

டச்பேட் இல்லாமல் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். ஒரு யூஎஸ்பி மவுஸ் செருகுங்கள். அதுவும் இல்லையா, விண்டோஸ் கீயோடு எக்ஸ், அப்புறம் எம். மெஷினில் உள்ள பாகங்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜர் திறக்கும். டேப், அம்புக்குறிக் கீகளை வைத்தே இறங்கலாம். அவளுடையதில் 'சிஸ்டம் டிவைசஸ்' கீழே இன்டெல் சீரியல் ஐஓ ஐ2சி கன்ட்ரோலர் மேல் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம், உள்ளே போனால் 'கோட் 10'. சாதனம் தொடங்க முடியவில்லை என்று அர்த்தம். கடைக்காரப் பையன் பார்த்திருக்க வேண்டிய இடம் அது.

முதலில் அங்கேயே 'ரோல் பேக் டிரைவர்' அழுத்திப் பாருங்கள், பழைய டிரைவருக்கே திரும்பும். அவளுடையதில் அது மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தது. அதனால் லேப்டாப் கம்பெனியின் தளத்துக்கே போய், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரைப் போட்டு, விண்டோஸ் 11-க்கான டிரைவர்களை இறக்கினோம். சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சில்லுகள்) டிரைவர் முதலில், ஐ2சி கன்ட்ரோலருக்கான சீரியல் ஐஓ அடுத்து, டச்பேட் கடைசியில். அந்த வரிசையில் போடுவதுதான் நல்லது. பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து போட்டால் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓடும் மெஷினில் ஷட் டவுன் முழுதாக அணைக்காது, ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும். மெஷின் எழுந்தது, அம்பு அசைந்தது. நன்றிகூடச் சொல்லாமல் அசைன்மென்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். சரி, விடுங்கள்.

'எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்' என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்களை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு ஐடி தம்பிகள் சிலர் விண்டோஸுக்குப் பதிலாக "லினக்ஸ் போடுங்க அண்ணே" என்று வருவார்கள். என் தொழிலுக்கு வேண்டிய சாப்ட்வேர் அதில் ஓடாது, தம்பி. இன்னும் சிலர், கடைக்காரர்கள் எல்லோரையும் திருடர்கள் என்கிறீர்களா என்பார்கள். இல்லை. கையைச் சுட்டுக்கொண்டு சாலிடர் பிடிக்கும் நல்ல ஆட்கள் இங்கேயும் இருக்கிறார்கள், கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவிலும் பார்த்திருக்கிறேன். மஞ்சள் முக்கோணத்தைப் பார்க்காமல் போர்ட் விலை சொல்பவரைத்தான் சொல்கிறேன்.

சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, இதையும் சொல்லிவிடுகிறேன். 11-க்கு மாறியபோது என் கடை மெஷினில் நான் தட்டும் தமிழ்99 என்ற கீபோர்ட் அமைப்பு போய், ஆங்கில ஒலியை வைத்துத் தட்டும் ஃபோனெட்டிக் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஹெச் கீயைத் தட்டினால் 'க' வர வேண்டும், 'ஹ்' வந்து நின்றது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் மாறிவிடும், பெரிய விஷயம் இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் பேரங்காடியில் எடுத்த தீபாவளி பேனர் படத்தைக் காட்டி, "உங்க கீபோர்ட் மாதிரிதான் அவங்க கீபோர்டும் கெட்டுப்போச்சு போல" என்றார். பேனரில் ஒற்றைக்கொம்பு (ெ) எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயா, அது கீபோர்ட் கோளாறே இல்லை. டிசைன் சாப்ட்வேரில் இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் கம்போசர் என்ற வசதியைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் அப்படித்தான் வரும். அதைவிட முக்கியம், அச்சுக்குப் போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டவில்லை. அத்தனை பெரிய கட்டடத்தில், துப்புரவு வேலை பார்க்கும் அக்காவிடம் காட்டியிருந்தால்கூட ஒரு நொடியில் சொல்லியிருப்பார். வருஷா வருஷம் இதே கூத்து. நம்மிடம் கேட்டால் எழுத்துக்கு இவ்வளவா என்று விலை பேசுவார்கள்.

சரி, உங்கள் கீபோர்டுக்கு வருகிறேன். வலது ஷிப்ட் கீயை எட்டு வினாடி அழுத்தியே வைத்திருந்தால் ஃபில்டர் கீஸ் என்ற விண்டோஸ் வசதி விழித்துக்கொள்ளும், அப்புறம் சாதாரணமாகத் தட்டினால் எழுத்து விழாது, கீபோர்ட் செத்த மாதிரியே இருக்கும். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியில் அணைத்துவிடுங்கள். பயாஸிலும் கீபோர்ட் விட்டு விட்டு ஓடினால் அப்டேட்மேல் பழி போடாதீர்கள், அது நிஜமாகவே வன்பொருள் கோளாறு, பெரும்பாலும் கீபோர்ட் மட்டும் மாற்றினால் போதும். இன்னொன்று, டச்பேட் லேசாக மேலெழும்பி இருக்கிறதா, கிளிக் செய்ய அழுத்தமாக இருக்கிறதா? அடியில் பேட்டரி வீங்கியிருக்கலாம். அப்படியிருந்தால் சார்ஜ் போடாமல் நேரே நல்ல கடைக்குக் கொண்டு போங்கள்.

எதையும் நோண்டுவதற்கு முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மைக்ரோசாப்ட் கணக்கில் பார்க்கலாம். விண்டோஸைப் பழுதுபார்க்கும் ரெக்கவரித் திரைக்குப் போனால் அந்தக் கீயைக் கேட்கும். 2025 அக்டோபர் 14 அப்டேட்டில் அந்தத் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போனது ஊரறிந்த கதை, 20-ஆம் தேதி கேபி5070773 என்ற அப்டேட்டில் சரிசெய்தார்கள். இன்னும் அதைப் போடாத மெஷின் என்றால் முதலில் அப்டேட்டை முடியுங்கள். விண்டோஸ் 10-க்கே திரும்ப நினைத்தால் சாதாரணமாக 10 நாள்தான் அவகாசம், மெஷினைக் கடையில் விட்டுவிட்டு வந்தால் அந்த நாள்களும் ஓடும்.

மாடல் பெயரைக் கீழே கருத்தில் போடுங்கள், எந்த டிரைவர் என்று பார்த்துச் சொல்கிறேன். சீரியல் நம்பரைப் போட வேண்டாம்.