பழைய புல்லட் 350 என்ஜினுக்கு 500-இன் கிராங்க் பொருந்துமா? ஆயில் பம்ப்பையும் பெரிதாக மாற்ற வேண்டுமா?

முத்தியால்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் 1987 புல்லட் 350, எட்டு வருடம் ஓடாமல் நின்றது, கிளப்பி ஒரு வாரத்திலேயே அடியில் 'கடகட' என்று சத்தம். கிராங்க் செட் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டுத் தொகுதி) போய்விட்டது, 500-இன் கிராங்க்கைப் போட்டால் இழுவை கூடும், கூடவே பெரிய ஆயில் பம்ப்பும் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். செய்யலாமா என்பது உங்கள் கேள்வி.

செய்யாதீர்கள். 350-க்கு 350-இன் கிராங்க்கையே போடுங்கள். பம்ப்பைப் பெரிதாக்குவதற்கு முன்னால், இருக்கிற பம்ப் தள்ளும் எண்ணெய் பிக் எண்ட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனை) வரை போகிறதா என்று பாருங்கள். நானும் கடலூரில் ஒரு புல்லட் வைத்திருக்கிறேன். இதில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 500 விஷயம். புல்லட் 350-இன் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. அதனால்தான் 346 சி.சி. வருகிறது. 500-க்குப் போர் 84, ஸ்ட்ரோக் அதே 90, அது 499 சி.சி. கிராங்க் தீர்மானிப்பது ஸ்ட்ரோக்கை மட்டும்தான், அது இரண்டிலும் ஒன்றே. ஆக 500-இன் கிராங்க்கை வைப்பதால் உங்கள் என்ஜினில் ஒரு சி.சி.யும் அதிகமாகாது. 84 மி.மீ. பிஸ்டனுக்கான பேரல் (சிலிண்டர்) 350-இன் கிராங்க் கேஸ் வாயில் அப்படியே இறங்காது. அதோடு, கிராங்க்கின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் எதிர் எடை அந்தந்த பிஸ்டனுக்கு ஏற்றபடி வைக்கப்பட்டது. 500-இன் கனமான பிஸ்டனுக்காகச் சமன் செய்த கிராங்க்கில் 350-இன் லேசான பிஸ்டனை மாட்டினால் அதிர்வு கூடும். கைப்பிடி நடுங்கும், ஃபுட்ரெஸ்ட் நடுங்கும், நட்டு போல்ட்டெல்லாம் தானாகக் கழலும். செலவு செய்து வாங்கும் துன்பம் இது.

இப்போது என் கதை. என் அப்பா நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதிவு செய்யும் வேலையில் இருந்தார். கிராமம் கிராமமாகப் போக 1984-இல் வாங்கிய புல்லட் அது. 2009-இல் நான் அதற்கு ஃபுல் என்ஜின் வேலை செய்தேன். கிராங்க் பின் (ராடு மாட்டும் அச்சு), கனெக்டிங் ராடு, புஷ் (இரண்டுக்கும் நடுவே உள்ள உலோக வளையம்) எல்லாம் புதிது. ஒரு பட்டறையில் பிரித்து பிரஸ்ஸில் அடித்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். பம்ப்பையும் புதிதாகவே வாங்கினேன். வண்டியைக் கிளப்பியதும் மெக்கானிக், என்ஜின் தலையில் வால்வுகளை அசைக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, எண்ணெய் கசிவதைக் காட்டினார். "பாருங்க சார், ஆயில் மேலவரைக்கும் வருது, பம்ப் ஓகே." நானும் சந்தோஷமாக எடுத்து வந்தேன். நாலாவது நாள் சிதம்பரம் ரோட்டில் ஆலப்பாக்கம் தாண்டியதும் என்ஜின் இறுகி, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. ஒரு கரும்பு லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டார்.

பிரித்துப் பார்த்தால் கிராங்க் பின் நீலம் பாய்ந்திருந்தது. புஷ் துண்டு துண்டு. காரணம் கண்ணுக்கு எதிரே இருந்தது. கிராங்க் பின்னில் எண்ணெய் நுழையும் துளை ஒன்று உண்டு. டைமிங் பக்க (டைமிங் கியர்கள் இருக்கும் பக்கம்) ஃப்ளைவீலில் உள்ள துளைக்கு அது நேராக நிற்க வேண்டும். பிரஸ்ஸில் அடிக்கும்போது பின் கொஞ்சம் திரும்பிவிட்டது, துளை முக்கால்வாசி மூடிக்கொண்டது. பம்ப் புதிது, எண்ணெய் புதிது, ஆனால் போக வேண்டிய இடத்துக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போயிருக்கிறது.

அப்படியானால் ராக்கரில் எண்ணெய் வந்ததே? அங்கேதான் நான் ஏமாந்தேன். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் இரண்டு பம்ப். ஒன்று ஆயில் டேங்கிலிருந்து எடுத்து, ஃபில்டர் வழியாக, கிராங்க்கின் டைமிங் பக்க முனைக்குள் தள்ளி பிக் எண்டுக்கு அனுப்பும். இன்னொன்று கிராங்க் கேஸின் அடியில் சேரும் எண்ணெயை உறிஞ்சித் திரும்ப டேங்குக்கு அனுப்பும். ராக்கருக்குப் போவது இந்தத் திரும்பும் எண்ணெய். ஆகவே ராக்கரில் எண்ணெய் தெரிந்தால் திரும்பும் பம்ப் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், பிக் எண்டுக்குப் போகிறது என்று அர்த்தமில்லை. உங்கள் மெக்கானிக்கும் இந்தச் சோதனையைக் காட்டித்தான் "பம்ப் ஓகே" என்றாரா என்று கேட்டுப் பாருங்கள்.

சரியான சோதனை கிராங்க் கையில் இருக்கும்போது செய்வது. கேஸில் இறக்குவதற்கு முன், ஆயில் கேனின் மூக்கை டைமிங் பக்க ஷாஃப்ட் முனைத் துளையில் வைத்து விரலால் அடைத்துக்கொண்டு அழுத்துங்கள். கனெக்டிங் ராடின் இரண்டு பக்கமும் பிக் எண்டிலிருந்து எண்ணெய் கசிந்து வர வேண்டும். வந்தால் துளை நேராக இருக்கிறது. வராவிட்டால் கிராங்க்கை வாங்காதீர்கள், எத்தனை பெரிய கடையாக இருந்தாலும் சரி. இந்த ஐந்து நிமிட வேலையை 2009-இல் நான் செய்திருந்தால் ஆலப்பாக்கத்தில் நின்றிருக்க மாட்டேன்.

நான் நெய்வேலியில் பம்ப் பராமரிப்பில் 22 வருடம் வேலை பார்த்தவன். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று: பம்ப் தருவது அளவை மட்டும்தான், அழுத்தத்தை உண்டாக்குவது எதிரே இருக்கும் தடை. என்ஜினில் அந்தத் தடை பேரிங்கின் இடைவெளி. ஜர்னலுக்கும் (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதி) புஷ்ஷுக்கும் நடுவே உள்ள சந்து இரண்டு மடங்கானால், அதன் வழியே ஓடும் எண்ணெய் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும். தேய்ந்த கிராங்க்குக்குப் பெரிய பம்ப்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் இதனால்தான் பலிப்பதில்லை. பம்ப்பை இரண்டு மடங்காக்கினாலும் எட்டு மடங்கு ஓட்டைக்கு ஈடு கொடுக்க முடியாது. முதலில் கிராங்க், அதன் இடைவெளியை அளந்து சரிசெய்வது, அப்புறம்தான் பம்ப். வரிசையை மாற்றாதீர்கள்.

புல்லட்டில் பெரிய பம்ப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே தள்ளும் பம்ப்பைவிடத் திரும்ப இழுக்கும் பம்ப் எப்போதும் அதிகம் இழுக்க வேண்டும். தள்ளும் பம்ப்பை மட்டும் பெரிதாக்கினால் எண்ணெய் கிராங்க் கேஸிலேயே தேங்கும். ஃப்ளைவீல் அதைக் கடையும், பிரீதரில் (என்ஜின் காற்று வெளியேறும் குழாய்) எண்ணெய் கொட்டும், சைலன்சரில் நீலப்புகை. மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்தது வார்ம், அதாவது திருகு வடிவக் கியர். பம்ப்பின் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்றுவது கிராங்க்கின் டைமிங் பக்க முனையில் திருகியிருக்கும் வார்ம்தான். கிராங்க்கும் பம்ப்பும் கை கோத்துக்கொள்ளும் இடம் இதுதான், பொருத்தம் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். பம்ப்பை வேகமாகச் சுற்றும் வார்ம், ஸ்பிண்டில் ஜோடிகளும் சந்தையில் கிடைக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், மரைத் தடங்களின் எண்ணிக்கை மட்டும் வேறு. ஒரு ஜோடியின் வார்மோடு இன்னொரு ஜோடியின் ஸ்பிண்டிலைப் போட்டால் சில நூறு கிலோமீட்டரில் பல் தின்றுவிடும், பம்ப் சுற்றுவது நின்றுவிடும். அது நிற்பது வெளியே தெரியவே தெரியாது. ஆகவே இரண்டையும் ஒரே தயாரிப்பில், ஜோடியாக வாங்குங்கள். கழற்றும்போது கவனம்: வார்ம் ரிவர்ஸ் மரை. வழக்கமான திசையில் திருப்பி முனையை முறுக்கிக் கெடுத்த கிராங்க்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

வார்மைத் தாண்டி, டைமிங் கவருக்குள்ளிருந்து கிராங்க் முனைக்கு எண்ணெய் கடக்கும் இடத்தில் ஒரு சிறிய சீல் இருக்கிறது. பழைய வண்டிகளில் கார்க் வாஷர். சில ரூபாய்ப் பொருள்தான். அது காய்ந்து சுருங்கியிருந்தால் பம்ப் தள்ளும் எண்ணெயில் பாதி கிராங்க்குக்குள் போகாமல் கவருக்குள்ளேயே வழிந்துவிடும். எட்டு வருடம் நின்ற உங்கள் வண்டியில் அது காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். என் ஊகம், உங்கள் 'கடகட' சத்தம் அங்கிருந்துகூடத் தொடங்கியிருக்கலாம்.

பழைய பம்ப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். அது டிஸ்க் ஒன்று ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருக்கையோடு உரசி அசையும் எளிய பம்ப். டிஸ்க்கில் கோடு விழுந்திருந்தால், மெட்டல் பாலிஷ் போட்டு இருக்கையோடு தேய்த்து, முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்வரை லேப் செய்தால் போதும். இது சரியாக உட்காராவிட்டால் வண்டி நிற்கும்போது டேங்கின் எண்ணெய் மெல்லக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். கடையில் வாங்கும் புதிய பம்ப்பைக்கூட நான் லேப் செய்யாமல் மாட்டுவதில்லை.

கிராங்க் செட் வாங்கும்போது மிதக்கும் புஷ்ஷா, ரோலர் பேரிங்கா என்றும் கேட்பார்கள். மிதக்கும் புஷ் பின்னோடும் ராடோடும் ஒட்டாமல் தனியே சுழல்வது, அதற்கு உள்ளும் புறமும் இரண்டு எண்ணெய்ப் படலம் வேண்டும். எண்ணெய் ஒரு நிமிடம் தடைப்பட்டாலும் தாங்காது. ரோலர் கொஞ்சம் பொறுக்கும். ஆனால் கடைகளில் கிடைக்கும் ரோலர் கிட்டுகளின் தரம் ஒன்றுபோல இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுக் கொட்டகையைச் சாய்த்து, வண்டி பல நாள் மழையில் கிடந்தது. துருவேறிய கிராங்க்கை 2012-இல் மறுபடி மாற்றினேன். அப்போதும் மிதக்கும் புஷ்ஷையே போட்டேன். நான் 60-க்கு மேல் போவதில்லை, அந்த வேகத்துக்கு அது போதும். நீங்கள் ஈ.சி.ஆரில் சென்னைவரை 80, 90-இல் போகிறவர் என்றால் நல்ல தயாரிப்பு ரோலரைப் பாருங்கள். ரோலர் போட்டபின் யாராவது பிரஷர் கேஜ் மாட்டி முள் எழவில்லை என்று பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். ரோலர் எண்ணெய்க்குத் தடை கொடுக்காது, முள் ஏறக்குறைய கீழேதான் நிற்கும். அதற்கு வேண்டியது அழுத்தமல்ல, எண்ணெய் ஓட்டம்.

டிரைவ் பக்க ஷாஃப்ட்டையும் மறக்காதீர்கள். ஸ்ப்ராக்கெட்டும் ஆல்டர்னேட்டர் ரோட்டரும் உட்காரும் பக்கம் அது. பின்னாளில் வந்த மாதிரிகளின் கிராங்க்குகளும் 'புல்லட் 350 கிராங்க்' என்றே விற்கின்றன. பழைய கிராங்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய், புதியதன் பக்கத்தில் வைத்து நீளம், கீ வெட்டு, டேப்பர், மரை எல்லாம் ஒப்பிட்டு வாங்குங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கே போனாலும் போனில் சொல்லி வாங்காதீர்கள். புதுப்பேட்டையில் பழைய கிராங்க் எடுப்பதாக இருந்தால், ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் இருக்கலாம், மேலும் கீழும் துளியும் இருக்கக் கூடாது. அப்புறம் லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே வைத்து சுழற்றி, டயல் கேஜில் தண்டின் கோணல் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினால் திரும்ப பிரஸ்ஸுக்கு அனுப்புங்கள். நான் அதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

கார் என்ஜினுக்காக இதைப் படிப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. கிராங்க்கை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்தால் பேரிங் ஷெல்லும் அதே 0.25 ஆக இருக்க வேண்டும், மெயின் பேரிங்குக்கும் பிக் எண்டுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். மாருதி 800 போன்ற என்ஜினில் பம்ப்பின் உள் ரோட்டரை கிராங்க்கின் முன் மூக்கே நேராகச் சுற்றுகிறது. அங்கே மூக்கு தேய்ந்திருந்தால் புதுப் பம்ப் வாங்கியும் பயனில்லை.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். எல்லாம் பூட்டிய பிறகு ஃபில்டர் அறை காலியாக இருக்கும். அது நிரம்பும்வரை பிக் எண்டுக்கு ஒரு சொட்டும் போகாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் நெம்பு) பிடித்துக்கொண்டு ஐம்பது, அறுபது கிக் அடியுங்கள். ஃபில்டர் மூடியைத் தளர்த்திப் பார்த்து, எண்ணெய் ததும்பினால் மூடிவிட்டுக் கிளப்புங்கள். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் இதேதான். 20W50 எண்ணெய் போதும். முதல் 300 கிலோமீட்டரில் அதை வடித்து, வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மஞ்சள் மினுக்கு தெரிந்தால் வெண்கல வார்மோ புஷ்ஷோ தேய்கிறது. அப்படித் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் இங்கேயே ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.