துருப்பிடிக்காத போல்ட்டும் நிற்காத நீராவியும்

கேள்வி: மண்டபம் பக்கம் மீன் தூள் ஆலையில் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறேன். பத்து கிலோ அழுத்த நீராவிக் குழாயில் ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டு) போல்ட்டுகள் உப்புக்காற்றில் துருப்பிடித்ததால், எல்லாவற்றையும் 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஆக மாற்றினோம். இப்போது சூடானால் ஒழுகுகிறது, ஆறினால் நிற்கிறது. எத்தனை முறை முறுக்கினாலும் அதே கதை. ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் மட்டமா?

பதில்: கேஸ்கெட்டைத் திட்டாதீர்கள். கோளாறு புதுப் போல்ட்டில் இருக்கிறது.

முறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் ஃபிளாஞ்சைப் பிடித்து வைக்கிறது. உங்கள் நீராவி சுமார் 184 டிகிரி. அந்தச் சூட்டில் 304 எஃகு, கார்பன் எஃகு ஃபிளாஞ்சைவிட நாற்பது சதவீதம் அதிகமாக விரியும். போல்ட் பிடித்திருக்கும் நீளம் 60 மி.மீ. என்றால் வித்தியாசம் ஏறக்குறைய 0.04 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றும். சாதா 304 போல்ட் முறுக்கும்போது நீள்வதே அவ்வளவுதான்! பிடிப்பில் பெரும்பகுதி போய்விடும். சூட்டோடு முறுக்கினால், ஆறும்போது போல்ட் சுருங்க வழியில்லாமல் நிரந்தரமாக நீண்டுவிடும். அடுத்த நாள் இன்னும் தளர்வு. அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனர் வைப்பது உயிருக்கும் ஆபத்து.

வாங்க வேண்டியது பி7 ஸ்டட் (வலுவான கலப்பு எஃகில் செய்த, தலையில்லாத மரைக்கம்பி), அதற்கு ஜோடியான 2எச் நட்டு. சாதா 304-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் இழுவையை, நிரந்தரமாக நீளாமல் தாங்கும். துருவுக்குப் பயந்தால் டெஃப்ளான் வகைப் பூச்சு போட்டதை வாங்குங்கள். இந்தச் சூட்டுக்குத் தாங்கும்.

கடைக்காரர்களிடம்தான் கவனம் வேண்டும். "காந்தம் ஒட்டலை பாருங்க, அசல் 304" என்பார்கள். விலை குறைந்த 202 வகை எஸ்.எஸ்.-லும் காந்தம் ஒட்டாது. அந்த வித்தையை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஸ்டட் முனையில் பி7 முத்திரையைத் தாங்களே சுத்தியலால் அடித்துக் கொடுக்கிற ஆட்களும் உண்டு. சோதனைச் சான்றிதழ் கேட்டால் எந்தச் சரக்குக்கோ வாங்கிய ஜெராக்ஸை நீட்டுவார்கள். ஆய்வுக்கு வருகிறவர்களும் தாளைத்தான் புரட்டுகிறார்கள், ஸ்டட் முனையைக் குனிந்து பார்ப்பதில்லை. கொள்முதல் பிரிவுக்கோ போல்ட் என்றால் கிலோ கணக்கில் வாங்குகிற ஆணி. சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்டட்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். ஒரு நாள் ஆலை நிற்பதைவிட அது மலிவு.

சரி, ஃபிளாஞ்சும் எஸ்.எஸ். என்றால்? அப்போது இரண்டும் ஒரே அளவில் விரியும், மேலே சொன்ன விரிவுக் கணக்கு பொருந்தாது. அதற்காக 304 போதும் என்று நினைக்காதீர்கள். சாதா 304 மென்மையானது. அதைவிட வலுவேற்றிய வகை வேண்டும். அதோடு 304 எஃகு, உப்பு படிந்து 60 டிகிரிக்கு மேல் சூடானால், வெளியே பளபளப்பாகவே இருந்துகொண்டு திடீரென விரிசல் விட்டுப் பிளக்கலாம். பாம்பன் காற்றில் உப்புக்கா பஞ்சம்? உங்கள் ஃபிளாஞ்சில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது கார்பன் எஃகு; எஸ்.எஸ். ஃபிளாஞ்ச் பற்றிய கவலையே இல்லை.

அப்புறம், மாற்றுவது ஷட் டவுனில், குழாய் ஆறிய பிறகு. கேஸ்கெட் புதியது. மரைக்குக் கிரீஸ். எதிரெதிர் போல்ட்டாக மூன்று சுற்றில் ஏற்றி, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று. கழற்றிய 304 போல்ட்டுகளைக் கைப்பிடிக்கோ ஏணிக்கோ உடனே போட்டுவிடுங்கள்; ஸ்டோரில் கிடந்தால் அடுத்த ஷிஃப்ட்காரர் எடுத்து நீராவி லைனில் மாட்டிவிடுவார்.