தரச் சீட்டு ஒட்டிய 1911 ரூபாய்: வாங்கியவர் இனி என்ன செய்யலாம்?

கேள்வி: கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்காக நாணயம் சேர்க்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாணயக் கண்காட்சியில் ஐந்தாம் ஜார்ஜின் 1911 வெள்ளி ரூபாய் ஒன்றை 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டி, 'எம்எஸ் 66' என்ற தரச் சீட்டு, பார்கோடு எல்லாம் இருக்கின்றன. வேறொரு வியாபாரியிடம் காட்டியபோது, "துலக்கிய காசு இது, இந்தக் கம்பெனியின் சீட்டை யாரும் மதிக்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். விற்றவரைக் கேட்டால், "9,000 ரூபாய் கட்டுங்கள், அமெரிக்காவுக்கு அனுப்பிப் புதிதாகத் தரம் வாங்கித் தருகிறேன்" என்கிறார். அனுப்பலாமா?
- கரூர் வாசகர்

பதில்: அனுப்பாதீர்கள். அந்த 9,000 ரூபாயையும் கட்டாதீர்கள்.

முதல் காரணம் சட்டம். உங்கள் நாணயத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி அது தொல்பொருள். அரசோ, அரசின் அனுமதி பெற்ற அமைப்போ அல்லாமல் வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. "திரும்பி வரத்தானே போகிறது" என்று இடைத்தரகர் சமாதானம் சொல்வார். போகும் வழியில் காசு தொலைந்தால் எந்த அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுப்பீர்கள்? புகார் எழுதும்போதே நீங்கள் செய்த குற்றத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஏமாந்தவரிடமே மறுபடி கட்டணம் கேட்பது பழைய தந்திரம். பழைய நாணயம், நோட்டு விற்றுத் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையே பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஆள்தான் மாறுகிறார், கேட்கிற முறை மாறவில்லை.

இனி அந்த 66-க்கு வருவோம். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோல்தான் இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. 'எம்எஸ்' என்று போட்டு 60 அல்லது அதற்கு மேல் எண் கொடுத்தால், அந்தக் காசு புழக்கத்துக்கே வராதது என்று பொருள். 66 என்றால் அதிலும் மிக நல்ல நிலை. 1911 ரூபாயில் அப்படிப்பட்டது கிடைப்பது அரிது. மன்னரின் மேலங்கியில் பொறித்த யானையின் தும்பிக்கை குட்டையாக இருந்ததால் அது பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அச்சடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். வெளியே தப்பியவற்றில் பெரும்பாலானவை கைமாறித் தேய்ந்தவையே.

உங்கள் காசைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்களே பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, ஒற்றை மேசை விளக்கின் கீழே பெட்டியைப் பிடித்து மெதுவாகச் சாயுங்கள். புழங்காத வெள்ளியில் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல ஒளி சுற்றி வரும். துலக்கிய காசில் ஒளி சுழலாது. முழுப்பரப்பும் ஒரே மாதிரி வெளுத்து மின்னும். பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து, மன்னர் முகத்துக்கு முன்னே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடினால் யாரோ துணியால் தேய்த்திருக்கிறார்கள். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு தங்கி, மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருந்தாலும் அதே கதைதான். புருவம், காது, அந்த யானை ஆகிய மேடான இடங்கள் மழுங்கியிருந்தால், 66 இருக்கட்டும், 60-கூடக் கிடையாது. நம் ஊரில் பாட்டி காலத்து வெள்ளியைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பதைப் பெருமையாக நினைக்கிறார்கள். விளக்குக்கு அது சரி. காசுக்குப் போட்டால் மதிப்பில் பாதி அன்றே போய்விடும்.

இப்போது சீட்டு போட்ட கம்பெனி. இந்தியாவில் நாணயத் தரநிர்ணயம் செய்ய உரிமம் வேண்டாம், தேர்வு வேண்டாம், கண்காணிக்க ஆளும் இல்லை. மூன்று கிராம் தங்கத் தோடு வாங்கினால்கூட ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியும் இருக்கின்றன. லட்ச ரூபாய்க்கு நாணயம் வாங்குகிறவருக்கு யாரோ அச்சடித்த ஸ்டிக்கர்தான் பாதுகாப்பு. காலிப் பெட்டி இணையத்தில் கிடைக்கிறது. லேபிள் அச்சிட ஒரு பிரிண்டர் போதும். பார்கோடு எதையும் நிரூபிப்பதில்லை; சோப்புக் கட்டியிலும் அது இருக்கிறது.

தரம் போடுகிறவரே காசையும் விற்கிறாரா என்பதைத்தான் நீங்கள் முதலில் விசாரித்திருக்க வேண்டும். கண்காட்சி மேசையில் ஒரே கம்பெனிப் பெட்டிகளாக அடுக்கியிருந்து, எல்லாவற்றிலும் 65, 66, 67 என்றே இருந்தால் அங்கே நிற்கவே வேண்டாம். நாணயமான தரநிர்ணயர் பாதிக் காசுகளுக்காவது கசப்பான எண்ணைத்தான் கொடுப்பார்; துலக்கியதைத் துலக்கியது என்றே எழுதுவார். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்கத் தரநிர்ணயக் கம்பெனிகள் அப்படிப்பட்ட காசுக்கு எண் தராமல், 'அசல், ஆனால் துலக்கப்பட்டது' என்ற பொருளில் குறிப்பு போடுவது வழக்கம். சீட்டில் பிழை இருந்தால் ஈடு செய்வதாக எழுத்தில் உறுதியும் தருகிறார்கள். உங்கள் பெட்டியின் பின்புறத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய பெயர் என்றாலும் கண்ணை மூடி வாங்க வேண்டாம். 1990-இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் பிசிஜிஎஸ் மீதே நடவடிக்கை எடுத்தது. தங்கள் தரநிர்ணயம் முற்றிலும் புறவயமானது என்பதுபோல விளம்பரம் செய்ததாகக் குற்றச்சாட்டு. அது சமரசத்தில் முடிந்தது. இன்றைய தொல்லை வேறு: அந்தப் பெட்டிகளுக்கே போலி வருகிறது. போலிப் பெட்டியில் வேறொரு அசல் பெட்டியின் சீட்டு எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். எனவே கம்பெனி இணையதளத்தில் எண்ணைத் தட்டி, "இருக்கிறது" என்று வந்ததும் திருப்தி அடையாதீர்கள். அங்கே படம் இருந்தால், அதிலுள்ள கீறலும் கறையும் கையில் உள்ள காசிலும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

காசு அசலா என்று எடை போட்டுப் பார்க்கப் பலருக்கும் கை துடிக்கும். (எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம், ஆனால் நல்ல வெள்ளியிலேயே போலி வார்க்கிறார்கள் என்பதால் எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது.) நீங்கள் பெட்டியை உடைக்க வேண்டாம். பெட்டி உடைந்த மறுகணமே, "நான் கொடுத்த காசு இது இல்லை" என்று விற்றவர் சொல்லிவிடுவார். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். சில மலிவுப் பெட்டிகளுக்குள் காசைச் சுற்றி வளையும் தன்மையுள்ள பிவிசி உறை இருக்கும். நாளடைவில் அது காசின் மேல் பச்சை நிறப் பிசுக்காகக் கசியும். மேலும் விட்டால் உலோகத்தையே அரிக்கும். பச்சை தெரிந்தால் காத்திருக்க முடியாது. அப்போதும் சும்மா உடைக்காதீர்கள்: விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு, சீட்டின் எண் தெரியும்படி இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுத்த பிறகு உடையுங்கள். காசைத் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள், தேய்க்கக் கூடாது. நகப்பூச்சு நீக்கியில் வேறு பொருள்கள் கலந்திருக்கும், அது ஆகாது. பெட்டியின் உடைந்த துண்டுகளையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். பச்சை இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு வேண்டியது பில். '1911 ரூபாய், எம்எஸ் 66' என்று எழுதிய பில் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். துண்டுச் சீட்டில் வெறும் தொகை மட்டும் எழுதித் தந்திருந்தால், வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அச்செடுத்து வையுங்கள். பரிசோதித்த வியாபாரியிடம் அவர் வாயால் சொன்னதை எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் தயங்குவார், இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரும் வேண்டும். அவர் மறுத்தால் சம்பந்தமில்லாத இன்னொருவரிடம் கேளுங்கள்.

பிறகு விற்றவருக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கண்காட்சி எந்த ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. வாங்கியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்துவிடுங்கள், உங்களுக்கு ஓராண்டு ஏற்கெனவே போய்விட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனுவில் 'முதலீடாக வாங்கினேன்' என்று எழுதிவிடாதீர்கள். நீங்கள் பொழுதுபோக்குக்காகச் சேர்ப்பவர், அதை உள்ளபடி எழுதுங்கள். லாப நோக்கில் வாங்கியவர் நுகர்வோரே அல்ல என்று எதிர்த் தரப்பு வாதாடும். விற்றவரை முதல் எதிர்மனுதாரராகவும், சீட்டு போட்ட கம்பெனியை இரண்டாவதாகவும் சேர்த்துவிடுங்கள். இரண்டு முகவரியும் ஒன்றாகவே இருந்தால் அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.