கொதிக்கும் பேட்டரியைச் சார்ஜில் போடலாமா?

கேள்வி: பொக்லைனுக்குப் பேட்டரி கிரீஸ் கன்னில் கிரீஸ் அடித்து முடித்ததும் பேட்டரி கொதிக்கிறது. உடனே சார்ஜ் போடலாமா?
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. கழற்றி நிழலில் வைத்து, நன்றாக ஆறிய பிறகு போடுங்கள். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 40 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரையில் நம்மூர்த் தகரக் கொட்டகை அதைத் தாண்டிவிடும். விடிகாலையில் போடுவது உத்தமம்.

எனக்குப் பெரிய கவலை கிரீஸ் கன்னின் ஹோஸ், அதாவது கிரீஸ் வரும் குழாய்தான். சில கன்களில் 10,000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் வரும். ஹோஸில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அவ்வளவாக இருக்காது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்காதீர்கள். அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். தாமதித்தால் விரலே போய்விடும். ஹோஸை ஸ்பிரிங் உறை உள்ள இடத்தில் மட்டும் பிடியுங்கள். வண்டியில் கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் அடைத்திருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.