காரைத் தாழ்த்தினால் வீல் அலைன்மென்ட் ஏன் கெடுகிறது?

சக்கரங்கள் சாலையில் சரியான கோணத்தில் நிற்கும்படி திருத்துவதுதான் வீல் அலைன்மென்ட். முன்னிருந்து பார்த்தால் தெரியும் சாய்வு கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ.

குட்டை ஸ்பிரிங் போட்டதும் பாடி இறங்கும், சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைக் கீழ்ப்பக்கம் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மும், ஸ்டீயரிங்கோடு இணைக்கும் கம்பியான டை ராடும் ஒரே வளைவில் நகர்வதில்லை. அதனால் டோ மாறுகிறது. பெரும்பாலும் சக்கரத்தின் மேல்பகுதியும் உள்ளே சாயும். பழி கேம்பருக்கு, ஆனால் டயரை வேகமாகத் தின்பது டோதான். காலைத் தேய்த்து நடப்பவரின் செருப்பு மாதிரி, உருளும்போதே பக்கவாட்டிலும் உரசுகிறது. டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள்: ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் நெருடும்.

டை ராடைத் திருகி டோவைச் சரிசெய்யலாம். கேம்பருக்குப் பல கார்களில் அட்ஜஸ்ட்மென்டே கிடையாது. தனி போல்ட் வாங்க வேண்டும் (தாழ்த்தும் செலவில் இதைச் சேர்க்காதவர்கள்தான் அதிகம்). ஸ்பிரிங் சில நாள் ஓடி அமர்ந்தபின் அலைன்மென்ட் பாருங்கள்.

வண்டி நேராக ஓடுவதால் அலைன்மென்ட் சரி என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் டோ ஒரே அளவு தவறியிருந்தாலும் நேராகத்தான் ஓடும்.