எக்ஸ்ஓ-1 மடிக்கணினி: பழைய பெயரும் பதிவுகளும் மறையவில்லை

குழந்தைகளுக்கான எக்ஸ்ஓ-1 மடிக்கணினியைச் செயல்விளக்கத்துக்கு வைக்கும்போது, முந்தைய பார்வையாளரின் பெயரை நீக்கி, முதல் திரையிலிருந்து தொடங்குவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கீழே சொல்லியுள்ளபடி கோப்புகளை நகலெடுத்த பின், டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் செயலி) திறந்து, பயனரின் ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் 'சுகர்' (.sugar) என்ற மறைந்த கோப்புறையை நீக்கிவிட்டு உடனே மறுதொடக்கம் செய்யுங்கள். நீங்கள் விரும்பியபடி, பெயரைக் கேட்கும் முதல் திரை மீண்டும் வரும்.

ஜர்னலில் (செய்த வேலைகள் சேமிக்கப்படும் பட்டியல்) பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தும் முந்தைய பார்வையாளரின் பெயர் வருவதாக எழுதியிருந்தீர்கள். பெயர், எக்ஸ்ஓ உருவத்தின் இரு நிறங்கள், அடையாளச் சாவி (பிற கணினிகள் இக்கணினியை அடையாளம் காண உதவும் கோப்பு) ஆகியவை ஜர்னலில் இல்லாமல் அந்தக் கோப்புறையில் தனியே சேமிக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

மறுதொடக்கத்துக்குப் பின் பெயரைத் தட்டச்சு செய்து, அடுத்த திரையில் எக்ஸ்ஓ உருவத்தைச் சொடுக்கிப் பாருங்கள். சொடுக்கும்போது நிறம் மாறும்.

ஜர்னலும் நீக்கப்போகும் அந்தக் கோப்புறையினுள்ளேயே இருப்பதால், குழந்தைகள் வரைந்த படங்களையும் எழுதியவற்றையும் முதலில் யுஎஸ்பி நினைவகத்தில் நகலெடுத்துவிடுங்கள். நீக்கிய பின் அவை மீண்டும் கிடைக்காது. கோப்புறையை நீக்காமல் அதன் பெயரை மட்டும் மாற்றி வைக்கலாம்தான், ஆனால் இக்கணினியின் மொத்தச் சேமிப்பே 1 ஜிபி. அது நிரம்பினால் கணினி தொடங்காமலே நின்றுவிடக்கூடும், செயல்விளக்க நாளில் அது பெரும் சங்கடம்.

இன்னொன்று: பல கணினிகளைக் காட்சிக்கு வைப்பதானால், ஒன்றில் அமைத்த கோப்புறையை மற்றவற்றுக்கு நகலெடுக்க வேண்டாம். அடையாளச் சாவி ஒன்றாகிவிடுவதால், அருகிலுள்ளோரைக் காட்டும் திரையில் கணினிகள் ஒன்றையொன்று தனி நபராக அடையாளம் காணாமல், கூட்டாக வரைவதும் எழுதுவதும் தடைபடும்.